ஆல்ப்ஸைக் காரில் கடக்க: மேலே ஏறுவதா, உள்ளே நுழைவதா?

ஜூரிக்கிலிருந்து மிலானுக்கு வழி கேட்டால் கைபேசி 280 கி.மீ. சொச்சம் என்று காட்டும். நடுவில் கோத்தார்ட் என்றொரு மலை குறுக்கே நிற்பதை அந்த நீலக் கோடு சொல்லவே சொல்லாது. ஆல்ப்ஸ் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் ஏமாறுவது இந்தத் தட்டையான கோட்டில்தான். சமவெளியில் காருக்குத் தூரம் கணக்கு. இங்கே உயரம்தான் கணக்கு: எவ்வளவு ஏறுகிறோம், ஏறியதை எப்படி இறங்கித் தீர்க்கிறோம்.

வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் எர்ஸ்ட்ஃபெல்ட் கடல்மட்டத்துக்கு மேல் 472 மீட்டர். அங்கிருந்து ஏறி ஏறி சுமார் 1,080 மீட்டரில் கோஷெனன் ஊரருகே சுரங்கத்தின் வாய்க்கு வருகிறோம். 16.9 கி.மீ. மலைக்குள் ஓடினால் தெற்கே அய்ரோலோ. சுரங்கம் வேண்டாம் என்றால் பழைய கணவாய்ச் சாலையில் 2,106 மீட்டர் வரை ஏறி அதே அய்ரோலோவில் இறங்கலாம். ஆக, சுரங்கம் நமக்கு மிச்சப்படுத்துவது சுமார் 1,000 மீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும். இந்த 1,000 மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

முதலில் சுரங்கம். 1980 செப்டம்பரில் திறந்தபோது இதுதான் உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம். ஆனால் ஒரே குழாய். போக ஒரு தடம், வர ஒரு தடம். இருபுறமும் நான்கு தட நெடுஞ்சாலை வந்து இந்தக் குறுகிய கழுத்தில் முட்டுகிறது. ஈஸ்டர் விடுமுறையில் கோஷெனன் வாசலில் 10 கி.மீ.க்கு மேல் கார்கள் நிற்பது வழக்கமான செய்தி. அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஒரு கிலோமீட்டர் வரிசைக்குப் பத்து நிமிடம். இது எங்கிருந்து வந்தது என்று நாமே போட்டுப் பார்க்கலாம். ஊர்ந்து நகரும் வரிசையில் ஒரு கார், முன்னால் விடும் இடைவெளியோடு, 12 மீட்டர் எடுத்துக்கொள்ளும். இரண்டு தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 166 கார்கள். சுரங்கத்துக்குள் ஒரு திசையில் மணிக்குச் சுமார் 1,000 கார்களைத்தான் விடுகிறார்கள். 166 கார்கள் நுழையப் பத்து நிமிடம். கணக்கு கச்சிதம்.

அந்த 1,000 என்ற வரம்பு சாலையின் கொள்ளளவைப் பார்த்து மட்டும் வைத்ததல்ல. அதன் பின்னால் தீ இருக்கிறது. 1999 மார்ச் 24 அன்று பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங் சுரங்கத்துக்குள் ஒரு லாரி தீப்பிடித்தது. ஏற்றியிருந்தது பெட்ரோலோ வெடிபொருளோ அல்ல, மாவும் மார்ஜரினும். மார்ஜரின் என்பது கெட்டியான எண்ணெய்தானே. ஒருமுறை உருகிப் பற்றிக்கொண்டால் எண்ணெய்க்கிணறு மாதிரி. காற்று இத்தாலிப் பக்கத்திலிருந்து பிரான்ஸ் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பிரான்ஸிலிருந்து வந்து லாரிக்குப் பின்னால் நின்றவர்கள் மீதே புகை போனது. 39 பேர் இறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2001 அக்டோபர் 24 அன்று, கோத்தார்டில் இரண்டு லாரிகள் மோதிக்கொண்டன. 11 பேர் இறந்தார்கள்.

சுரங்கத் தீயில் கொல்வது பெரும்பாலும் நெருப்பல்ல, புகை. சூடான புகை முதலில் கூரையை ஒட்டி ஓடும். கீழே கொஞ்ச நேரம் சுவாசிக்கக்கூடிய காற்று இருக்கும். ஓடும் புகை சுவரில் பட்டு ஆறியதும் கீழே இறங்கும், அதோடு அந்த அவகாசம் போய்விடும். அதனால்தான் கோத்தார்டின் மேற்கூரைக்கு மேல் தனியாக ஒரு காற்றுக்கால்வாய் ஓடுகிறது. தீ எங்கேயோ அங்கே மட்டும் கூரைக் கதவுகளைத் திறந்து புகையை உறிஞ்சுகிறார்கள். கூடவே 250 மீட்டருக்கு ஒரு பாதுகாப்பு அறை, அதை ஒட்டி நடந்து வெளியேற ஒரு தனிச் சுரங்கம். அங்கே காற்றழுத்தத்தைச் சற்றே கூட்டி வைப்பதால் கதவைத் திறந்தாலும் புகை உள்ளே வராது. 2001இல் தப்பியவர்கள் பலர் அந்த வழியாக நடந்து வந்தவர்கள்தான். நீங்கள் உள்ளே போகும்போது பச்சை வெளிச்சத்தில் ஓடும் மனித உருவம் ஒவ்வொரு கதவிலும் கடந்து போகும். ஒன்றிரண்டையாவது கண்ணில் வாங்கி வையுங்கள்.

விபத்துக்குப் பிறகு லாரிகளைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஜெர்மனில் இந்த ஏற்பாட்டின் பெயரே ‘துளி எண்ணி’. நீண்ட ஏற்றம் ஏறி வந்த லாரியின் எஞ்சினும் புகைக்குழாயும் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால், சுரங்கத்துக்கு முன்பே வெப்பக் கேமராக்கள் அவற்றை நோட்டம் விடுகின்றன. இரண்டாவது குழாயும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது முடிந்தாலும் ஒரு குழாயில் ஒரு தடம்தான் ஓடும். வாகன எண்ணிக்கை கூடக் கூடாது என்பது ஸ்விஸ் மக்களின் வாக்கு. நெரிசலில் நிற்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

வரிசை 5 கி.மீ.யைத் தாண்டினால் வேறு வழி பார்க்கலாம். கிழக்கே சான் பெர்னார்டினோ சுரங்கம் ஜூரிக்கிலிருந்து வருகிறவருக்கு முக்கால் மணி நேரம் கூட்டும். கோடையானால் கணவாய்.

இனி அந்த 1,000 மீட்டருக்கு வருவோம். ஏறும்போது எஞ்சினுக்குக் காற்று குறையும். 2,100 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 81 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். குடும்பத்தோடும் கூரைப்பெட்டியோடும் போகும் சிறிய கார் முக்குவது அதனால்தான். இது வெறும் தொந்தரவு. ஆபத்து இறங்கும்போதுதான்.

ஆட்களும் பெட்டிகளுமாக 1,800 கிலோ எடையுள்ள காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 மீட்டர் இறங்கினால் அது இழக்கும் ஆற்றல் 1.76 கோடி ஜூல். குழாய்த் தண்ணீரில் 50 லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். நான்கு பிரேக் டிஸ்க்கும் சேர்ந்து 30 கிலோ இரும்பு என்று வைத்து, மொத்த வெப்பமும் அதற்குள்ளேயே தங்கிவிட்டால், வெப்பநிலை 1,200 டிகிரிக்கு மேல் ஏறும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. டயர் உராய்வும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் 50 கி.மீ. வேகத்தில் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூடத் தாண்டாது. மீதியை யாராவது தாங்க வேண்டும். எட்டு சதவீதச் சரிவில் அது கிட்டத்தட்ட 16 கிலோவாட்: எட்டு மின்கெட்டில்கள் சேர்ந்து கொதிப்பது போல, அடிவாரம் வரை நிறுத்தாமல்.

காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் எட்டுக் கெட்டிலும் டிஸ்க்கில்தான். வெப்பம் மெல்ல மெல்லப் பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது உப்பு மாதிரி, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓரிரு ஆண்டில் அந்த எல்லை 155 டிகிரி பக்கம் இறங்கிவிடலாம். ஆயிலில் கலந்த நீர் ஆவியாகிக் குமிழி விட்டால் கதை முடிந்தது: திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரை வரை போகும், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. கிளம்பும் முன் பிரேக் ஆயிலைச் சோதிக்கச் சொல்வது கராஜ்காரர் பில் ஏற்றுவதற்காக அல்ல.

இதற்கு மருந்து கியரில் இருக்கிறது. இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் எஞ்சினைச் சுழற்ற ஆரம்பிக்கும். காற்றை உறிஞ்சவும் அமுக்கவும் ஆகும் உழைப்பு வெப்பமாகி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே போகும். அவை அதற்கென்றே செய்தவை. இந்த நேரத்தில் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலையும் டீசலையும் முழுக்க நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் போட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்கிறேன் என்கிறவர்கள் கவனிக்க: நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும், கியரில் இறங்கினால் சொட்டுக்கூடக் குடிக்காது.

மின்சாரக் காருக்கு இந்த இறக்கம் வரவு. 1.76 கோடி ஜூல் என்பது மின்கட்டண மொழியில் ஏறக்குறைய 5 யூனிட். அதில் மூன்று யூனிட்டாவது பேட்டரிக்குத் திரும்பும். ஒரு நிபந்தனை: பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மலை மேல் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திரும்பும் மின்சாரத்தை ஊற்றப் பாத்திரம் இல்லை. கார் சாதாரணப் பிரேக்கை நாடும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

கணவாய்ச் சாலை பொதுவாக மே கடைசியில் திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் பனியோடு மூடும். தேதியை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுரங்கம் ஆண்டு முழுக்க உண்டு, தனிக்கட்டணமும் இல்லை; நெடுஞ்சாலைக்கான 40 பிராங்க் விக்னெட் என்னும் கட்டணச் சீட்டு போதும்.

ஒரு விஷயம் பாக்கி: வானிலை. கோத்தார்ட் மலை ஒரு சுவர். தெற்கிலிருந்து 15 டிகிரியில் ஈரக்காற்று வருகிறது என்று வையுங்கள். ஏறும்போது முதலில் 100 மீட்டருக்கு ஒரு டிகிரி குளிரும். மேகம் கூடி மழை பெய்யத் தொடங்கியதும், நீராவி திரவமாகும்போது வெளிவிடும் வெப்பத்தால் குளிர்வது 0.6 டிகிரியாகக் குறையும். உச்சியில் ஒரு டிகிரிதான் மிச்சம் இருக்கலாம். ஈரத்தை உதறிவிட்டு வடக்கே இறங்கும்போது 100 மீட்டருக்கு முழுசாக ஒரு டிகிரி சூடேறி, ஆல்ட்டோர்ஃப் ஊருக்குச் சுமார் 17.5 டிகிரியில் வந்து சேரும். மழையே இல்லாமல் மேலடுக்குக் காற்று நேராக இறங்கியும் இப்படி நடப்பதுண்டு. இந்தக் காற்றை ஜெர்மனில் அழைக்கும் பெயரைத் தமிழில் ‘ஃபோன்’ என்று எழுதினால் தொலைபேசி ஆகிவிடுகிறது; தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் அவர்கள் வைத்திருப்பது அதே பெயர்தான். அந்த நாளில் வடவாசலில் வெயில் கண்ணாடி போட்டு நுழைகிறவர் பதினைந்து நிமிடத்தில் அய்ரோலோவில் வைப்பர் போட்டுக்கொண்டு வெளியே வருவார். இரண்டு பக்க முன்னறிவிப்பையும் தனித்தனியே பாருங்கள். பின்னால் கேரவன் இழுக்கிறவர்கள் காற்றின் வேகத்தையும்.

கணவாய் வழியாகப் போனால் உச்சியில் வண்டியை நிறுத்தி, பாதி குடித்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி வையுங்கள். 230 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெலின்சோனாவுக்கு இறங்குவதற்குள் அது பின்சீட்டில் ‘டக்’கென்று ஒடுங்கும். உள்ளே மாட்டிக்கொண்டது மலைமேல் காற்று. வெளியே அழுத்தம் கால்பங்கு கூடிவிட்டது.