ஒற்றை வாங்கியைப் பின்தொடர்தல்

வன்னியில் வயற்காவலுக்குப் போய்க் கொட்டிலில் பாய் விரித்துப் படுப்பவர்களை எட்டடி விரியன் கடிப்பதுண்டு. கடிவாயில் நோவோ வீக்கமோ பெரிதாக இராது. விடியும்போது கண்ணிமையைத் தூக்க முடியாது. பிறகு மூச்சும் தடைப்படும். நஞ்சின் ஒரு பகுதி நரம்பு முனையைச் சிதைக்கிறது. இன்னொரு பகுதி நரம்பின் செய்தியை ஏற்கும், தசையிலுள்ள வாங்கிப் புரதத்தில் ஒட்டி, நரம்பு அனுப்பும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை அங்கே சேரவிடாமல் தடுக்கிறது.

இந்த விரியனுக்கு நெருங்கிய உறவான தாய்வான் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து 1963இல் அல்பா பங்கரொட்டொக்சின் என்ற நச்சுப் புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. பிடித்த வாங்கியை இலேசில் விடாது. அதில் ஒளிரும் சாயத்தைக் கோத்தால் வாங்கி இருக்குமிடம் நுணுக்குக்காட்டியில் தெரியும். இந்த நஞ்சு பிடிக்கக்கூடிய சிறு துண்டொன்றை மரபணு வழியே செருகி, மூளையின் வேறு வாங்கிகளையும் இப்படியே பார்க்கிறார்கள்.

ஆனால் ஒளிக்கு எல்லை உண்டு. ஏறத்தாழ 200 நனோமீற்றருக்குள் நெருங்கிய இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். வாங்கியோ 10 நனோமீற்றர் அளவுதான். இரவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று மறுகரை விளக்கொன்றைப் பாருங்கள்: வெளிச்சம் பரந்திருந்தாலும் அதன் நடுவைக் காட்டிவிடலாம். பல விளக்குகள் நெருங்கி எரிந்தால்தான் முடியாது. அதனால் ஒரு நேரத்தில் மிகச் சில மூலக்கூறுகளை மட்டும் ஒளிரவிட்டு, ஒவ்வொரு மங்கற் பொட்டின் மையத்தையும் கணிக்கிறார்கள். துல்லியம் சில பத்து நனோமீற்றருக்கு இறங்குகிறது. இவ்வழியைத் திறந்த எரிக் பெட்சிக், வில்லியம் மோர்னர் இருவரும் ஸ்ரெபான் ஹெல்லுடன் 2014இல் நோபல் பரிசு பெற்றனர்.

வாங்கிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை! கலமென்சவ்வில் அலைந்து, நரம்புக் கலங்கள் செய்தி கைமாற்றும் நரம்பிணைப்புக்குள் நுழைந்து, சற்றுத் தங்கி, வெளியேறுகின்றன. கிளைசின் என்ற செய்திப்பொருளை ஏற்கும் வாங்கிகளில் குவாண்டம் புள்ளிகள் எனும் ஒளிரும் நுண்துணிக்கைகளைக் கட்டி 2003இல் பரிஸ் ஆய்வாளர்கள் இதைக் காட்டியது நரம்பியலின் பெரிய திருப்பம் என்பேன்.

நோய் புரிவதும் இங்கேதான். நரம்பியல் மருத்துவர் ஜோசப் டல்மாவ் குழுவினர் 2007இல் விவரித்த மூளையழற்சி ஒன்றில், உடலின் பிறபொருளெதிரிகளே மூளையிலுள்ள என்எம்டிஏ என்ற வகை வாங்கிகளைத் தாக்குகின்றன. நன்றாயிருந்த இளம்பெண் திடீரென்று பிதற்றுவாள், இல்லாததைக் காண்பாள், வலிப்பு வரும். எங்கள் பக்கத்தில் பேய் பிடித்ததென்று நூல் கட்டக் கொண்டுபோவார்கள். ஒற்றை வாங்கிகளைப் பின்தொடர்ந்தபோது தெரிந்தது வேறு: பாம்பு நஞ்சைப்போல வாசலை அடைப்பதல்ல இந்தப் பிறபொருளெதிரியின் முதன்மை வேலை. வாங்கியை நரம்பிணைப்பில் பிடித்து வைத்திருக்கும் பக்கத்துப் புரதத்திலிருந்து அதைப் பிரித்து வெளியே தள்ளுகிறது. பின்னர் கலம் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆய்வுகூடத்தில் பிறபொருளெதிரியை நீக்கியதும் வாங்கிகள் மேற்பரப்புக்குத் திரும்பின. நேரத்தோடு ஸ்டீரொயிட்டும் குருதித் திரவவிழைய மாற்றீடும் கிடைத்த நோயாளர் பலர் பழையபடி நடமாடுவது அதனால்தான்.