ஸ்டார் சான் அடித்தால் போதும் என்று யார் சொன்னது?

இந்த மாதமும் ஒரு பாட்டில் வந்துவிட்டது. மெல்போர்னில் ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்ப்பதால், வீட்டில் பீர் காய்ச்சும் நண்பர்களின் சோகக்கதை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மூடியைத் திறந்தால் நுரை பீய்ச்சி அடிக்கிறது, வாயில் வைத்தால் புளிப்பு. "ஈஸ்ட் பாக்கெட் சரியில்லை போல அண்ணே. ஸ்டார் சான் எல்லாம் நல்லாத்தான் அடிச்சேன்" என்கிறார் பாட்டிலைக் கொண்டுவந்த தம்பி. (ஸ்டார் சான் என்பது பீர் பாத்திரங்களில் தெளிக்கும் கிருமிநீக்கி.) பாவம் ஈஸ்ட். பழி எப்போதும் அதன் தலையில்தான் விழுகிறது.

கழுவிவிட்டு அடித்தீர்களா என்று கேட்டால், "தண்ணி ஊத்தி அலசினேனே" என்று பதில் வரும்.

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சுத்தம் செய்வது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை. ஸ்டார் சான் ஓர் அமிலக் கரைசல். அது அழுக்கைக் கரைக்காது, தான் தொடுகிற பரப்பில் உள்ள கிருமியை மட்டும்தான் கொல்லும். பீர் பொங்கி இறங்கிய பிறகு ஃபெர்மென்டரின், அதாவது பீர் நொதிக்கும் வாளியின், மேல்பக்கத்தில் பழுப்பாக ஒரு வளையம் ஒட்டியிருக்கும் இல்லையா? அது புரதமும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) பிசினும் செத்த ஈஸ்டும் சேர்ந்து காய்ந்த படலம். அதற்கு அடியில் புளிப்பேற்றும் பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸும், நாம் போடாமலே வந்து சேரும் காட்டு ஈஸ்டும் பத்திரமாகக் குடியிருக்கும். மேலே எவ்வளவு நுரை தெளித்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அழுக்குச் சட்டைக்கு மேல் சென்ட் அடித்த கதைதான். "அப்போ கொஞ்சம் கூடுதலா ஊத்தட்டுமா?" என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கூடாது. 20 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். அதைத் தாண்டினால், அலசாமல் விடலாம் என்கிற வசதியும் போய்விடும்.

பிளீச் கட்சிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிளீச் மிச்சம் இருந்தால் பீரில் பிளாஸ்திரி வாடை வரும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது அரிக்கும். ஆனால் பெரிய ஆபத்து வேறு. பிளீச்சோடு ஸ்டார் சானோ வினிகரோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய லாண்டரி அறையில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? பாட்டிலில் அடைத்த அன்றே கழுவுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கல்லாகிவிடும். சோடியம் பெர்கார்பனேட் பவுடரை 50 டிகிரி வாக்கில் உள்ள சுடுதண்ணீரில் கரைத்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் அது சோம்பேறி. குழந்தைத் துணி ஊறவைக்கும் பவுடரிலும் இதே சரக்குதான் இருக்கிறது, ஆனால் வாசனை சேர்த்ததை வாங்காதீர்கள். ஊறும்போது மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே ஆக்சிஜன் சேர்ந்து அழுத்தம் ஏறும். பிறகு மென்மையான துணியால் துடைத்து நன்றாக அலசுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் பக்கமே போகக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் அது கிருமிக்கு நிரந்தர முகவரி. கீறல் விழுந்த வாளியைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடிக் குடுவை வைத்திருப்பவர்கள் அதில் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம். அது வெடித்தால் கையில் தையல் போட வேண்டியிருக்கும்.

அப்புறம், ஃபெர்மென்டரிலிருந்து பீரைத் திறந்துவிடும் அந்தத் திருகு குழாய், அதாவது டேப். தம்பியின் ஃபெர்மென்டரை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. டேப்பைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டு, உள் உருளையை இழுத்து எடுத்தால், அதைச் சுற்றிச் சந்தனக் குழம்பு போலப் பழுப்புச் சேறு. வாடை சொல்லி மாளாது. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அதைக் கழற்றியதில்லையாம். அத்தனை பீரும் அந்தச் சேற்றைத் தொட்டுத்தான் பாட்டிலுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் டேப், ரப்பர் வளையம், மூடியின் வாஷர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பீரை உறிஞ்சி மாற்றுகிற சைஃபன் குழாய் மங்கிப்போனால் கழுவிக்கொண்டிருக்காமல் புதிது வாங்குங்கள். அதன் விலை நீங்கள் கொட்டுகிற பீரைவிடக் குறைவு.

ஸ்டீல் பாத்திரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை படிந்து, பவுடருக்கு அசையாமல் இருந்தால் அது பீர்ஸ்டோன், கால்சியம் ஆக்சலேட். அதற்கு அமிலக் கிளீனர்தான் மருந்து.

ஊரிலிருந்து படிப்பவர்கள் இதைப் பார்த்து ஆரம்பித்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சலாம், தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். இங்கேயும் உரிமம் இல்லாமல் சாராயம் வடிக்கக் கூடாது.

கடைசியாக, ஒரு பாட்டில் பீய்ச்சி அடித்தால் அந்தத் தொகுதியில் மிச்சமிருப்பதை அலட்சியமாக விடாதீர்கள். காட்டு ஈஸ்ட், நம் ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையையும் தின்று வாயுவைப் பெருக்கிக்கொண்டே இருக்கும், கண்ணாடி ஓரளவுக்குத்தான் தாங்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் போட்டுக்கொண்டு, குலுக்காமல் எடுத்து, எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் துண்டால் சுற்றித் திறந்து சிங்க்கில் கொட்டுங்கள். பாட்டில்கள் இருக்கிற கராஜுக்குள் அதுவரை குழந்தைகளை விடாதீர்கள்.