துணைப் பாத்திரங்களை இப்படிச் சாகடிக்காதீர்கள்

கடந்த வாரமும் ஒரு தொடர்கதைப் பிரதி வந்தது. களம் பாம்பன். ஒன்பதாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் விசைப்படகில் புதிதாக ஒரு மீனவர் அறிமுகமாகிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் என்கிறார், அவளுக்காக வாங்கி வைத்திருக்கும் கொலுசைப் பற்றிச் சொல்கிறார், அத்தியாயம் முடிவதற்குள் கடலில் விழுந்து இறந்துவிடுகிறார். பத்தாம் அத்தியாயத்தில் கதாநாயகன் காதலியைத் தேடி இராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறுகிறான். இந்தக் கடற்கரையைக் களமாகக் கொண்ட தொடர்களைச் செம்மை செய்து தருவது என் தொழில் என்பதால், இந்த மீனவரை எனக்கு நன்றாகத் தெரியும். பெயரும் ஊரும் மாறினாலும், தொண்டியிலும் மூக்கையூரிலும் அவர் இப்படியே இறந்துகொண்டிருக்கிறார்.

சாவதற்குச் சற்று முன்னால் இரக்கத்தைத் திரட்டிவிட்டால் அந்தச் சாவு வாசகர் மனத்தில் தைத்துவிடும் என்று எழுதுகிறவர்கள் நம்புகிறார்கள். தைக்காது. தொடர்கதை படித்துப் பழகியவருக்கு, அதுவரை வாய் திறக்காத ஒருவர் திடீரென்று மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர் கதை முடியப்போகிறது என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். கர்ப்பிணி மனைவி, கண் தெரியாத தாய், அடகிலிருந்து மீட்ட நகை என்று எதைச் சேர்த்தாலும் அந்த அறிவிப்பின் ஓசைதான் கூடுகிறது. இதைச் சுட்டிக்காட்டினால், “இன்னும் ஒரு பக்கம் உருக்கமாக எழுதித் தருகிறேன்” என்று பதில் வருகிறது. பக்கம் குறைவாக இருப்பது அல்ல குறை. இந்த வாரம் அறிமுகமாகி இந்த வாரமே போய்விடுகிறவரை இழப்பதற்கு வாசகருக்கு அவகாசமே இல்லை. அவர் ஒரு செய்தியாகத்தான் கடந்துபோவார். எத்தனை பக்கம் அழவைத்தாலும் இது மாறாது.

வாரத் தொடரில் வாசகர் பெயரை மறந்துவிடுவார், வேலையை மறக்கமாட்டார். ஆகவே துணைப் பாத்திரத்துக்கு முதலில் ஒரு வேலையைக் கொடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு விடப்படுவதும் வழக்கம். மீன்துறையில் டோக்கன் வாங்காமல் விசைப்படகு கிளம்ப முடியாது. அந்த டோக்கனை வாங்கிவருகிறவராக இரண்டாம் அத்தியாயத்திலேயே அவரைக் காட்டிவிடுங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் அவர் தாமதமாக வரட்டும், கதாநாயகன் எரிச்சலடையட்டும். உயர்ந்த குணம் எதுவும் அவருக்குத் தேவையில்லை. அவர் இறந்தபின் வரும் திங்கட்கிழமை, டோக்கனுக்கு யார் போவது என்று படகில் உள்ளவர்கள் பேசாமல் நிற்கும் இடத்தில்தான், முன்பு அவர்மீது எரிச்சலடைந்த வாசகருக்கும் அந்தச் சாவு உறைக்கும். கணக்குப் பார்க்கும்போது அவருடைய பங்கை யார் கையில் கொடுப்பது? அவர் வாங்கிய முன்பணத்தைப் படகு உரிமையாளர் தள்ளிவிடுவாரா, மகன் தலையில் கட்டுவாரா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? இவற்றுள் ஒன்றையாவது எடுத்துக்கொண்டால் சாவுக் காட்சியை நான்கு வரியில் முடித்துவிடலாம்.

உடல் கிடைக்காத சாவை ஒரே பத்தியில் முடிப்பவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாதபோது அவரை இறந்தவராகக் கருத இந்தியச் சாட்சியச் சட்டம் இடம் தந்தது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதே ஏழாண்டையே வைத்திருக்கிறது. அதற்கிடையில் இறப்புச் சான்றிதழுக்கு அலைகிற மனைவி, பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்ல நடுவில் நிற்கிறாள். தொடர்கதை என்னும் வடிவம் வாரக்கணக்கில் நீள்வதால்தான் இந்தக் காத்திருப்பைச் சிறுகதையைவிட நன்றாகத் தாங்கும். அந்த வசதியை ஏன் வீணடிக்கிறீர்கள்?

தனுஷ்கோடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவின் புயலை எழுதுகிறவர்கள், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலை அலை கொண்டுபோனதை ஒரு பெருங்காட்சியாக எழுதி, அதில் இருந்தவர் எவரையும் நமக்கு அறிமுகப்படுத்துவதில்லை. நூறு பேரைச் சேர்த்துக் கொன்றால் நூறு மடங்கு வலிக்காது. வழக்கமாக ஒரு கடைக்குச் சரக்கு கொண்டுவருகிறவர் அந்த ரயிலில் இருந்தார் என்று வையுங்கள், போதும்.

கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக மட்டும் எவரையும் கொல்லாதீர்கள். ஈமச்சடங்கைப் பொதுப்படையாக எழுதாதீர்கள். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தையும் கீழக்கரை முஸ்லிம் குடும்பத்தையும் இந்துக்கள் திதி கொடுக்கும் இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் கொண்டுவந்து நிறுத்திய பிரதிகளைத் திருத்திச் சலித்துவிட்டேன். இனி எனக்குப் பிரதி அனுப்புகிறவர்கள், சாவு நிகழும் அத்தியாயத்தோடு அதற்குப் பின்வரும் மூன்று அத்தியாயங்களின் சுருக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இறந்தவர் இல்லாததால் அவற்றில் ஒரு வேலைகூடத் தடைபடவில்லை என்றால், தயவுசெய்து அவரை உயிரோடு விட்டுவிட்டு அத்தியாயத்தை வேறு விதமாக எழுதுங்கள்.