சோலார் கட்டணம் முடிவாகும்போது ராணிப்பேட்டைக்காரர் எங்கே இருக்கிறார்?

2022 ஆகஸ்ட் மாதம், மின் கட்டணத் திருத்தம் குறித்து மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நடத்தவிருந்த கருத்துக் கேட்புக்குச் சில நாட்கள் இருந்தபோது, ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் நிறுவனம் நடத்தும் ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "சார், ஆணையத்துக்கு அனுப்பப் போறோம், ஒரு பார்வை பாருங்க" என்றார். உயர்வை முற்றிலும் கைவிட வேண்டும், இல்லையேல் தொழில் நசிந்துவிடும் என்ற இரண்டு வாக்கியங்களும் அவற்றுக்குக் கீழே முத்திரையும் இருந்தன. "பாய், இதைப் படிப்பவருக்கு உங்கள் ஷெட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாதே" என்று சொல்லி, கடந்த 12 மாத மின் பில்களை எடுத்து வரச் சொன்னேன்.

எரிசக்தித் தணிக்கையாளனாக இந்த வட்டாரத்தில் நான் அடிக்கடி காணும் குறை இதுதான். தூய எரிசக்தி என்றால் கூரையில் தகடு மாட்டுவது என்ற அளவில் நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தகடு எத்தனை ஆண்டுகளில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மின் வாரியமோ தகடு விற்பவரோ அல்ல, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைகள்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அரசு கொள்கையை அறிவிக்கும், 2012இலும் 2019இலும் சூரிய சக்திக் கொள்கைகள் வந்தன. ஆனால் யூனிட்டுக்கு எவ்வளவு, எந்தக் கட்டணம் யாருக்கு என்ற எண்களை எழுதுவது ஆணையம். அமைச்சரிடம் மனு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்பவர்கள் ஆணையத்துக்கு ஒரு கடிதமாவது எழுதினார்களா என்று கேட்டால் பதில் வராது.

அந்த பில்களுக்கு வருகிறேன். அவருடையது 300 கே.வி.ஏ. ஒப்பந்த அளவுள்ள, அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் அவ்வளவு மின்சுமையை எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்த, உயரழுத்த இணைப்பு. பிறகு வந்த ஆணை, 2022 செப்டம்பர் 10 முதல், உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கான யூனிட் விலையை 6.35 ரூபாயிலிருந்து 6.75 ரூபாயாகவும், டிமாண்ட் கட்டணத்தை (உச்ச மின்சுமைக்கு மாதந்தோறும் கட்டும் நிலையான கட்டணம்) ஒரு கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாகவும் உயர்த்தியது. அதாவது யூனிட்டில் ஏறியது 40 பைசா, நிலையான பகுதியில் ஏறியதோ 200 ரூபாய். பக்ரீத்துக்குப் பிந்தைய வாரங்களில் தோல் வந்து குவியும்போது டிரம்கள் இரவு பகலாகச் சுழலும். ஆர்டர் இல்லாத மாதங்களில் அவருடைய மீட்டரில் பதிவாகும் உச்ச டிமாண்ட் 140ஐத் தாண்டுவதில்லை. ஆனால் ஒப்பந்த அளவில் 90 விழுக்காட்டுக்கு, அதாவது 270 கே.வி.ஏ.வுக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். கூடுதலாக மாதம் 54,000 ரூபாய்.

சூரிய மின்சாரம் குறைப்பது யூனிட்டை மட்டுமே. டிமாண்ட் கட்டணத்தை அது பெரும்பாலும் தொடுவதில்லை, ஏனெனில் மாலை ஏழு மணிக்கு டிரம்மும் கம்ப்ரஸரும் ஒன்றாக ஓடினால் உச்சம் அப்போது பதிவாகிவிடும். ஆகவே உயர்வின் பெரும்பகுதி நிலையான பகுதியில் ஏறும்போது, கூரையில் தகடு போட்டவருக்கு அதன் ஆதாயம் அதே விகிதத்தில் உயர்வதில்லை. இதைச் சொல்லாமல் "உயர்வைக் கைவிடுக" என்றால் ஆணையத்துக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மனுவை மாற்றி எழுதினோம்: பருவத்தைச் சார்ந்த தோல் தொழிலுக்கு 90 விழுக்காடு என்ற வரம்பைத் தளர்த்த வேண்டும் என்ற ஒரே கோரிக்கையும் அதற்குச் சான்றாக 12 பில்களும் மட்டும். அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு கட்டணத்தில் குரல் பலித்தது. 2021 அக்டோபரில் ஆணையம், கூரை சூரிய மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் (மின் வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) என ஒன்றை நிர்ணயித்தது. தாழ்வழுத்தத் தொழில் நுகர்வோருக்கு யூனிட்டுக்கு 1.27 ரூபாய். வாரியத்தின் மின் கட்டமைப்புக்கு அனுப்பிய மின்சாரத்துக்கு மட்டுமல்லாமல், சொந்த ஷெட்டிலேயே செலவழித்த மின்சாரத்துக்கும் சேர்த்து இது விதிக்கப்பட்டதுதான் குறை. 100 கிலோவாட் தகடு நம் வெயிலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.4 லட்சம் யூனிட் தருவதாக வைத்தால், கட்டணம் மட்டும் 1.75 லட்சம் ரூபாயைத் தாண்டும். சிறு, குறு தொழில் அமைப்புகள் இதையும் மற்றக் கட்டணங்களையும் எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று ஒரு நாள் உற்பத்தியை நிறுத்தின, அந்த ஆண்டு முடிவதற்குள் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு அந்தக் கட்டணம் பாதியாகக் குறைந்தது. என் எண்ணத்தில், ஆணை வருவதற்கு முன்பே இந்த 1.75 லட்சக் கணக்கு நூறு மனுக்களில் போயிருந்தால் கதவடைப்பு தேவைப்பட்டிருக்காது.

மாநிலத்தில் இப்படிப்பட்ட வாதங்களை நெடுங்காலமாக முன்வைத்து வருபவர்கள் மேற்கு மாவட்ட நூற்பாலைக்காரர்கள். அவர்களிடம் காற்றாலை இருக்கிறது, வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், மின்சாரத்தை வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதியைக் காக்க வேண்டிய தேவை இருக்கிறது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்பது நமக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறோம். காற்றாலை இல்லாத ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் குடியாத்தம் விசைத்தறிக்கும் பேங்கிங்கால் என்ன பயன்?

நமக்கென்று கேட்க வேண்டியது வேறு. தோல் கழிவுநீர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அதன் பின்வந்த கட்டுப்பாடுகளும் இங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அவசியமாக்கின. கழிவுநீரை வெளியே விடாத முறையில், நீரைச் சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் நாள் முழுவதும் மின்சாரத்தைத் தின்கின்றன. அந்த மின்சாரத்தைக் கூட்டாகத் தருவித்துக்கொள்ள வழி இருக்கிறது. மின்சார விதிகளின்படி உற்பத்தி நிலையத்தில் பயனாளர்கள் குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்து, 51 விழுக்காடு மின்சாரத்தைப் பயன்படுத்தினால் அது சொந்த உற்பத்தியாகக் கருதப்படும். 2022 ஜூனில் வந்த மத்திய விதிகள் பசுமை மின்சாரத்துக்கான ஓபன் அக்சஸ் (வாரியத்தின் கம்பி வழியே வேறொரு உற்பத்தி நிலையத்தின் மின்சாரத்தைப் பெறும் வசதி) வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தன. சுத்திகரிப்பு நிலையத்தில் ஏற்கெனவே பங்குதாரராக இருந்து பழகியவர்களுக்கு இது புதிய ஏற்பாடே அல்ல. ஆனால் அந்த மின்சாரத்தைக் கொண்டுவர ஆகும் வீலிங் கட்டணம் எவ்வளவு என்பது மீண்டும் ஆணையத்திடமே வந்து நிற்கிறது.

மின்சாரச் சட்டம் 2003இன் 64ஆம் பிரிவு, பொதுமக்களின் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பின்னரே கட்டண ஆணை வெளியிட வேண்டும் என்கிறது. 2022இல் கோவை, மதுரை, சென்னையில் கேட்புக் கூட்டங்கள் நடந்தன, வேலூரில் நடக்கவில்லை. வேலூரிலும் ஒன்று நடத்துங்கள் என்று கேட்டு எழுதுவதிலிருந்துகூடத் தொடங்கலாம்.

அந்த பாய் இப்போது பேனல் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காலை ஆறு, பத்து, மாலை ஆறு, இரவு பத்து என நான்கு வேளை ரீடிங்கை அவருடைய எலக்ட்ரீஷியன் பென்சிலில் குறிக்கிறார். போன முறை போனபோது அது மூன்றாவது நோட்டு.