கப்பல் ஏறும் முன் மருந்துப் பையைக் கையில் எடுங்கள்

மதுரை தல்லாகுளத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். "பிள்ளைகள் உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள் டாக்டர், சிங்கப்பூர் போய் ஏற வேண்டும்" என்று வருகிறவர்கள் சில ஆண்டுகளாகக் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலும் அறுபதைக் கடந்த தம்பதிகள். சூட்கேஸ், ஸ்வெட்டர், தொப்பி எல்லாம் வாங்கி முடித்து, விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் வந்து வாந்திக்கு ஒரு மாத்திரை கேட்கிறார்கள். ஒரு மாதம் முன்பே வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

திருநகரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, பிறகு அறைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றும் அந்தப் பெட்டிக்குள். மதியம் பஃபே, மாலையில் கேக், இரவில் மறுபடியும் பஃபே. ஒன்பதரை மணிக்குப் பெட்டி வந்து, சோதித்துப் பார்த்தபோது 386. "கைப்பையில் அதிரசம் வைத்திருந்தேன் டாக்டர், மருந்தை வைக்கவில்லை" என்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கண் கலங்கினார். இத்தனை ஆண்டுகள் அவருக்கு மருத்துவம் பார்த்த நான் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். பயண நாட்களுக்கு வேண்டியதோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுங்கள். திங்கள், செவ்வாய் என்று எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். பெயர் அச்சிட்ட அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் இருந்தால்தான் வெளியூர் மருத்துவருக்கும் சுங்க அதிகாரிக்கும் அது என்னவென்று புரியும். தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுக்குச் சிங்கப்பூரில் கட்டுப்பாடு உண்டு; முன் அனுமதி தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலினை விமானத்தின் சரக்குப் பகுதியில் போட்டால் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் பிறகு எதற்கும் ஆகாது. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடல் குமட்டலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உள்காது உடல் ஆடுகிறது என்கிறது, அறைச் சுவரைப் பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் வளைவுகளில் பஸ் ஜன்னல் ஓரம் கேட்டு உட்காருகிறவரா நீங்கள்? அப்படியென்றால் கப்பலிலும் வரக்கூடும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள்; அங்கே ஆட்டம் குறைவு. குமட்டினால் மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். மாத்திரை வாந்தி தொடங்கிய பிறகு அவ்வளவாக உதவாது, முன்பே போட வேண்டும். ஆனால் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளில் சில சிறுநீரை அடைத்துவிடும்; கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கும் ஆகாது. கடைக்காரர் கொடுத்தார் என்று போடாதீர்கள்.

கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள். ஈசிஜி எடுக்க முடியும், முதலுதவி கிடைக்கும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் கரைக்குத்தான் போக வேண்டும். கட்டணமும் நம் ஊர்க் கணக்கில் இருக்காது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும், அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவுக்கும் பணம் தரும் பயணக் காப்பீடு எடுங்கள். கர்ப்பிணிகள் கவனிக்க: 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றமாட்டார்கள்.

பஃபே கரண்டியை ஆயிரம் பேர் தொடுகிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸ் கப்பலில் வேகமாகப் பரவுவது அதனால்தான். சானிடைசர் அதை அவ்வளவாகக் கொல்வதில்லை. சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுங்கள்.

பொழுதுபோக்குகளுக்குக் குறைவே இல்லை. நீர்ச்சறுக்கு, பாறை ஏறும் சுவர், நடன வகுப்பு, நாடகம் என்று மறுநாள் நிகழ்ச்சிகளை முதல் நாள் இரவே தெரிவித்துவிடுவார்கள். பாட்டுக்கும் நடனத்துக்கும் தயங்காமல் போங்கள், அதற்குத்தானே பிள்ளைகள் அனுப்புகிறார்கள். மூட்டு மாற்று சிகிச்சை செய்தவர்களும் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும் சறுக்கையும் சுவரையும் என்னிடம் கேட்காமல் தொட வேண்டாம். நீச்சல் குளத்தில் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு நகராதீர்கள். பல கப்பல்களில் அங்கே உயிர்காப்பாளர் இருப்பதில்லை.

தவறவிடவே கூடாத ஒரு நிகழ்ச்சி, புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு இந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி என்ற சர்வதேச விதி அதன் பிறகு வந்ததுதான். ஏழு குட்டைச் சங்கொலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் உங்களுக்குக் குறித்த இடத்தில் கூட வேண்டும். அறையிலிருந்து அந்த இடத்துக்கு முதல் நாளே படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிப்டில் போக முடியாது. முழங்கால் வலியால் படி ஏற இயலாதென்றால், அன்றே அறைப் பணியாளரிடம் சொல்லிப் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.