காலி வேன் ஏறும், பாரம் இறங்கும்: கேமரன் மலைச் சாலையில் மின்சார வேன்

தாப்பாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விடியற்காலையில் தானா ராத்தா வரை ஏறிக் காய்கறி எடுத்துவந்து, பீடோர், சுங்காய் பக்கம் கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் போடுகிறவர். டீசல் வேனுக்கு வயதாகிவிட்டது. "மின்சார வேன் வாங்கலாமா அண்ணே? மலை ஏறினா பேட்டரி பாதியிலயே தீந்துடும்ங்கிறாங்களே?" என்கிறார்.

செலவை முதலில் பார்த்துவிடுவோம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குத் தாவியதைச் சிறு வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு விலை ஏறி இறங்கியபடி இருக்கிறது. 3 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வேனுக்குக் கிலோமீட்டருக்கு 30 காசு. சிறிய மின்சார வேன் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் (கிலோவாட் மணி) இழுக்கும் என்று கொண்டால், 2025 ஜூலையில் வந்த புதிய மின்கட்டணத்தின் சராசரியான 45.40 காசு வீதம், கிலோமீட்டருக்கு 9 காசுதான் ஆகிறது. இது சொந்த இடத்தில் இரவில் சார்ஜ் போடுகிறவருக்கான கணக்கு. நெடுஞ்சாலை வேக சார்ஜரில் யூனிட் ஒரு வெள்ளியைத் தாண்டும். கிலோமீட்டருக்கு 20 காசுக்கு மேல் போய்விடும். சலுகை விலையில் 1 வெள்ளி 99 காசுக்குப் பெட்ரோல் போடுகிறவருக்கும் ஏறக்குறைய அதே செலவுதான். வேக சார்ஜரையே நம்பி வேன் வாங்குவதில் அர்த்தமில்லை.

சரி, இனி மலை. எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,400 மீட்டர், தூரம் 60 கிலோமீட்டர். ஓட்டுநரோடு சேர்த்து வேன் ஒன்றரை டன் என்றால், அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கவே 5.7 யூனிட் வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த எடை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் வரும் விடைதான் இது. டயர் உராய்வு, காற்றின் தடை, மோட்டாரின் இழப்பு எல்லாம் சேர்த்தால் ஏற்றத்துக்கு 14, 15 யூனிட் வரை ஆகலாம். சிறு மின்சார வேன்களில் 40 யூனிட் அளவில் பேட்டரி வருகிறது. ஆக, பாதியில் தீராது.

இனி இறக்கம். தூக்கியதற்குச் செலவான ஆற்றல் தொலைந்துபோகவில்லை, உயரமாகச் சேமிப்பில் இருக்கிறது. டீசல் வேனில் இறங்கும்போது அதில் பெரும்பகுதியை பிரேக் தட்டும் எஞ்சினும் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ரிங்லெட்டுக்குக் கீழே வளைவுகளில் மூக்கில் ஏறும் கருகல் வாடை, நாம் காசு கொடுத்து வாங்கிய டீசலின் வாடை. மின்சார வேனோ அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

பழைய விளையாட்டுக் காரிலிருந்து ஒரு சின்ன மோட்டாரைக் கழற்றி, அதன் தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். லேசாகச் சுழலும். பிறகு அதன் இரண்டு கம்பிகளின் முனைகளை ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி சுழற்றுங்கள். யாரோ உள்ளே பிடித்துக்கொண்டதுபோல் இறுகும். சுழலும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்குகிறது. கம்பி இணைந்ததும் அது ஓட வழி கிடைக்கிறது. அந்த மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம் சுழற்சியை எதிர்க்கிறது. முதல் பாதியை 1831இல் ஃபாரடே கண்டார், எதிர்ப்பின் திசையை 1834இல் லென்ஸ் வகுத்துச் சொன்னார்.

வேன் மோட்டாரில் வெளிவட்டத்தில் செம்புச் சுருள்கள், நடுவில் காந்தம் பதித்த சுழலி. சுருள்களுக்கு முறைவைத்து மின்சாரம் விட்டால் காந்தப்புலம் வட்டமாகச் சுற்றும். ஓட்டும்போது அந்தப் புலம் சற்று முன்னால் போகிறது, சுழலி அதைத் துரத்துகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் மின்சாரத்தை மாற்றிவிடும் கருவியான இன்வர்ட்டர், புலத்தைச் சுழலிக்குச் சற்றுப் பின்னால் வைக்கிறது. சக்கரம் தள்ள, சுழலி முன்னால் ஓடப் பார்க்கிறது. புலம் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்புதான் பிரேக்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பேட்டரியின் மின்னழுத்தம் 350 வோல்ட் அளவில் இருக்கும். வளைவில் மெதுவாக இறங்கும்போது மோட்டார் உண்டாக்குவது 100 வோல்ட்டாக இருக்கலாம். தாழ்ந்த அழுத்தத்திலிருந்து உயர்ந்த அழுத்தத்துக்கு மின்சாரம் எப்படிப் போகும்? இன்வர்ட்டரின் சுவிட்சுகள் சுருளின் முனைகளை ஒரு கணம் ஒன்றோடொன்று இணைத்துவிடுகின்றன. சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. ஏறியதும் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. ஆனால் சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயை ஒரேயடியாக மூடினால் 'டொக்' என்று குழாயே அதிருமல்லவா, அதுபோல, போக வழியில்லாத மின்னோட்டம் சுருளின் அழுத்தத்தை எகிற வைக்கிறது. 350 வோல்ட்டைத் தாண்டியதும் ஒரே வழி பேட்டரிதான், அதற்குள் பாய்கிறது. இது நொடிக்குப் பல ஆயிரம் தடவை நடக்கிறது. ஓட்டுகிறவருக்கோ வண்டி மெல்ல அடங்குவது மட்டும்தான் தெரியும். மோட்டாரின் சுருளே அழுத்தத்தை உயர்த்தும் கருவியாகவும் வேலை செய்வதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

நம் வாசகரின் வியாபாரத்துக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. காலி வேன் ஏறுகிறது, பாரம் இறங்குகிறது. 700 கிலோ கோபிசும் தக்காளியும் ஏற்றினால், இறக்கம் தரும் ஆற்றல் 5.7 யூனிட்டிலிருந்து 8.4 ஆக உயர்கிறது. உராய்வும் காற்றும் எடுத்துக்கொண்டது போக, ஒன்றிரண்டு யூனிட் பேட்டரிக்குத் திரும்பும் என்பது என் கணக்கு. அதாவது இறங்கும் 60 கிலோமீட்டரும் இலவசம். சுவிட்சர்லாந்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மின்சார ராட்சத லோரி ஒன்று காலியாக ஏறி, 60 டன்னுக்கு மேல் கல்லோடு இறங்குகிறது. ஏற்றத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதியை இறக்கத்திலேயே சம்பாதித்துக்கொள்கிறது. நம் மலையிலும் இந்தக் கணக்கு புதிதல்ல. ரிங்லெட் ஏரித் தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டம் 1960களிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை. மோட்டார் பிரேக் பலவீனமாகிவிடும், வழக்கமான பிரேக் தட்டே முழுப் பாரத்தையும் சுமக்கும். மேலே சரக்கு ஏற்றும் நேரத்தில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கக் கூடாது.

மழையில் சார்ஜ் போட்டால் ஷாக் அடிக்கும் என்று தாமானில் ஒருவர் சொன்னாராம். புது வண்டிக்குப் பூசை போட்டு எலுமிச்சை நசுக்குவது அவரவர் மனநிறைவு, அதில் எனக்குச் சண்டையில்லை. தெரியாததைச் சொல்லிப் பிழைப்புக்காரரைப் பயமுறுத்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை. சார்ஜரும் வண்டியும் ஒரு மெல்லிய சமிக்ஞைக் கம்பி வழியாக ஒன்றையொன்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மின்சாரமே திறக்கும். இணைப்பு சரியில்லை என்றால் திறக்காது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. 2025 இறுதிவரை தரப்பட்ட வரிச் சலுகையில் முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்கள் நிறைய வந்தன. ஆனால் ஒற்றை வேன் வைத்துப் பிழைக்கிறவருக்கு, மின்சார வேன் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று நம் மலைச் சாலையில் அளந்த ஓர் எண் வேண்டும். பேராக்கிலேயே, ஸ்ரீ இஸ்கண்டாரில், பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு மூன்று வேன்களில் மீட்டர் பொருத்தி ஓராண்டு ஓட்டி முடிவை வெளியிடப் பெரிய பணம் தேவையில்லை. இப்படிப்பட்ட எளிய ஆய்வுக்குத்தான் முதலில் நிதி ஒதுக்க வேண்டும் என்பேன்.

வாசகருக்கு என் பதில்: வாங்கலாம், இரவில் வேன் நிற்கும் இடத்தில் உங்கள் மீட்டரிலிருந்து கம்பி இழுக்க முடியுமானால். சாதாரண சுவர் பிளக்கில் 40 யூனிட் நிரப்ப 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலை கிளம்புகிறவருக்கு அது உதவாது. 32 ஆம்பியர் சார்ஜர் ஆறு மணி நேரத்தில் முடித்துவிடும். பழைய கடைவீடுகள் பலவற்றின் வயரிங் அதைத் தாங்காது. வேனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டு மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வேன் கம்பெனியிடம், பேட்டரி உத்தரவாதம் சரக்கு ஓட்டத்துக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.