பதில் தராத சர்வர் இறந்துவிட்டதாகப் பொருளில்லை

ஒன்றுக்கொன்று துணையாக வைத்த இரு சர்வர்களில் ஒரே கோப்புகள் இருவிதமாக மாறிவிட்டன என்று இந்த ஆண்டு என்னை அழைத்த மூன்றாவது அலுவலகம் அது. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் இரண்டு மாடிகளில் இயங்கும் ஓர் அச்சகம்; தீபாவளிக்கு முந்திய வாரம்; திருமண அழைப்பிதழும் நாள்காட்டியும் கோயில் மலரும் குவிந்து கிடந்த நேரம். மேல்மாடியில் ஒரு சர்வர், கீழ்மாடியில் ஒரு சர்வர். ஒன்றில் எழுதப்படுவதை மற்றதிலும் உடனுக்குடன் எழுத டிஆர்பிடி (DRBD) என்ற மென்பொருள், முதன்மைச் சர்வர் விழுந்தால் துணைச் சர்வரைப் பொறுப்பேற்க வைக்க பேஸ்மேக்கர் (Pacemaker) என்ற மென்பொருள், பணியாளர்கள் எப்போதும் அணுகுவதற்கு ஒரே ஐபி முகவரி. வரைபடத்தில் குறை சொல்ல இடமில்லை.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே பிற்பகல் இடிமழை வழக்கமானதுதான். அன்றைய மழையில் இரு மாடிகளின் கணினிகளையும் இணைத்த நெட்வொர்க் சுவிட்ச் பழுதாகியது. இரு சர்வர்களும் நலமாகவே இருந்தன. ஆனால், உயிரோடிருக்கிறேன் என்று சர்வர்கள் ஒன்றுக்கொன்று இடைவிடாமல் அனுப்பும் சமிக்ஞையான துடிப்பு மேலிருந்து வராததைக் கண்ட கீழ்ச் சர்வர், மேல்ச் சர்வர் இறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பொறுப்பேற்றது. மேல்ச் சர்வரும் தன் வேலையை விடவில்லை. அதன் பிறகு ஐந்து மணி நேரம் மேல்மாடியினர் ஒன்றிலும் கீழ்மாடியினர் மற்றொன்றிலும், அதே முகவரியில், அதே கோப்புகளைத் திருத்திச் சேமித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திரையிலும் ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை. மறுநாள் சுவிட்சை மாற்றியதும், இரு பக்கமும் தனித்தனியே மாறியிருப்பதைக் கண்ட டிஆர்பிடி இணைய மறுத்து நின்றது. எங்கள் தொழிலில் இதைத்தான் ஸ்ப்ளிட் பிரெய்ன் என்கிறோம். எந்த அழைப்பிதழில் எந்தத் திருத்தம் சரியானது என்று கோப்பு கோப்பாக ஒப்பிட்டு முடிக்க இரண்டு முழு நாட்கள் ஆயின.

பதில் வரவில்லையென்றால் அந்தச் சர்வர் செத்துவிட்டது என்ற நம்பிக்கையை என்னால் பொறுக்க முடிவதில்லை. வெளியூர் போன அண்ணன் தொலைபேசியை எடுக்கவில்லை என்பதற்காக, அவர் பேரில் உள்ள வீட்டை அன்று மாலையே தம்பி விற்றுவிடுவதில்லை. சர்வர் விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்யச் சொல்கிறோம். கேபிள் அறுந்தாலும், சுவிட்ச் எரிந்தாலும், வேலைப்பளுவில் சர்வர் அரை நிமிடம் திணறினாலும், உண்மையிலேயே மின்சாரம் போய் அணைந்தாலும், மறுபக்கத்துக்குத் தெரிவது ஒரே மௌனம்தான். அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் கேட்டாலும் அதற்குள்ளிருந்து காரணத்தைப் பிரித்தறிய முடியாது. காத்திருக்கும் நேரத்தைப் பத்து விநாடியிலிருந்து அறுபது ஆக்கினால் போதும் என்பவர்களுக்கும் இதே பதில்தான்: தவறு தாமதமாக நடக்கும், அவ்வளவே. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை நெட்வொர்க் மையத்துக்கும் அங்குள்ள முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே 43 விநாடி மட்டுமே இணைப்பு அறுந்தது. அதற்குள் மேற்குக் கரையிலிருந்த தரவுத்தளங்கள் தானியங்கியாக முதன்மைப் பொறுப்புக்கு மாற, இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் தங்கிவிட்டன. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

ஆகவே துணைச் சர்வர் வட்டைத் தொடுவதற்கு முன், முதன்மைச் சர்வர் நின்றுவிட்டது என்பதை ஊகிக்காமல் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்வதென்றால் அதன் மின்சாரத்தைத் துண்டித்து, துண்டிக்கப்பட்டது என்ற பதிலையும் பெறுவது. இதற்குப் பெயர் ஃபென்சிங். பேஸ்மேக்கர் இதை அமைக்காமல் எந்தச் சேவையையும் தொடங்க மறுக்கும். அந்த மறுப்பை ஓர் எச்சரிக்கையாகப் படிக்காமல், இணையத்தில் கிடைக்கும் பாடங்களைப் பார்த்து ஃபென்சிங்கை அணைக்கும் ஒற்றை வரியை ஒட்டிவிடுகிறார்கள். இந்த ஆண்டு நான் பார்த்த மூன்று இடங்களிலும் அந்த வரி இருந்தது. தயவுசெய்து அதை எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால் இந்த வாரமே ஃபென்சிங்கை அமைத்துவிட்டு அதை நீக்குங்கள்.

பெரும்பாலான சர்வர்களில், வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக அவற்றை அணைக்கவும் இயக்கவும் உதவும் ஐபிஎம்ஐ (IPMI) இருக்கிறது. அதன் கேபிளை வேறொரு சுவிட்சில் செருகுங்கள். ஆனால் சர்வருக்கு மின்சாரமே போய்விட்டால் ஐபிஎம்ஐயும் சேர்ந்து அணையும், கட்டளைக்குப் பதில் வராது, துணைச் சர்வர் பொறுப்பேற்காமல் காத்திருக்கும். அப்படிக் காத்திருப்பது சரியான நடத்தையே என்பதை முதலாளிகளுக்கு விளக்குவதுதான் கடினம். அதைத் தவிர்க்க விரும்பினால், நெட்வொர்க் வழியாக இயக்கக்கூடிய மின் விநியோகப் பட்டையை இரண்டாம் வழியாக வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அணைத்துவிடாதபடி ஒரு பக்கத்துக்கு மட்டும் சில விநாடி தாமதம் கொடுங்கள். 2012 டிசம்பர் 22 அன்று இதே டிஆர்பிடி முறையில் இயங்கிய கிட்ஹப் கோப்புச் சர்வர்களில் சில இணைகளில் இரண்டுமே அப்படி அணைந்துபோயின. இணைப்பு அறுந்தால் எந்தப் பக்கம் தொடர்வது என்பதை வாக்கெடுப்பு போலப் பெரும்பான்மையால் முடிவு செய்யலாம்; ஆனால் இரு சர்வர்கள் மட்டும் இருக்குமிடத்தில் பெரும்பான்மை என்ற ஒன்று கிடையாது. மூன்றாவது வாக்குக்காக ஒரு சிறிய கணினியை, இரண்டு மாடிகளையும் தனித்தனி வழியில் அடையக்கூடிய இடத்தில் வையுங்கள். துடிப்புக்கும் இரண்டு தனி வழிகள் தேவை.

மறுபக்க வட்டில் எழுதி முடியும்வரை காத்திருக்காத புரோட்டோகால் ஏ முறையை வேகத்துக்காக டிஆர்பிடியில் போடுவதை அலுவலகச் சேமிப்பகத்தில் நான் ஒப்புக்கொள்வதில்லை. இரு வட்டுகளிலும் எழுதி முடித்த பிறகே சரி என்று சொல்லும் சி போதுமான வேகத்தில்தான் ஓடுகிறது. சர்வரிலுள்ள கோப்புகளை நெட்வொர்க் வழியாகப் பகிரும் என்எஃப்எஸ் (NFS) முறையைப் பயன்படுத்துகிறவர்கள், பொறுப்பு மாறிய பின் ஒன்றரை நிமிடம் வரை எழுத்து வேலைகள் உறைந்து நிற்கும் என்பதைப் பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி முன்பு போட்டிருந்த பூட்டுகளை உரியவர்கள் மீட்டுக்கொள்வதற்கான 90 விநாடி அது. பொறுமையிழந்து கணினியை அணைத்துப் போடுவதால்தான் கோப்பு கெடுகிறது.

இந்த அமைப்பை நிறுவித் தருகிறவர்கள் பலர், சர்வரை ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டு, மற்றது பொறுப்பேற்றதைக் காட்டி, சோதனை முடிந்தது என்று கையொப்பம் வாங்குகிறார்கள். விடைபெற்றுப் போகும் சர்வர் யாரையும் குழப்புவதில்லை. பெரிய கோப்பொன்று எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டுக்கும் இடையிலான கேபிளைப் பிடுங்குங்கள். இன்னொரு நாள் மின்கம்பியைப் பிடுங்குங்கள். ஒப்படைப்பதற்கு முன்பு ஒருமுறையும், சுவிட்ச் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். காப்புப் பிரதி தனியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இங்கே அழித்த கோப்பு அந்தக் கணமே அங்கேயும் அழிகிறது.

ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்துவிட்டதென்றால், முதலில் எல்லோரையும் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். எது புதியது என்று அவசரத்தில் முடிவெடுத்து ஒரு பக்கத்தைக் கைவிடும் கட்டளையைத் தட்டிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் உள்ள எழுத்துகள் மேலெழுதப்பட்ட பின் யாராலும் மீட்டுத்தர இயலாது. இரு வட்டுகளையும் முழுமையாக வேறு வட்டுகளுக்குப் படியெடுங்கள். அச்சக முதலாளி அன்று காலை, "ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், தம்பி" என்று கெஞ்சினார். படியெடுத்து முடிக்க நான்கு மணி நேரம் கேட்டேன். அந்தப் படிகளிலிருந்துதான் கீழ்மாடியில் திருத்திய நாள்காட்டிப் பக்கங்கள் முழுவதும் திரும்பக் கிடைத்தன.